அடுத்த ஈத்துக்கு வாங்க

பணம் பையில் இருந்தது. பின் சீட்டில் பிரம்புக் கூடை, அதற்குள் மகனுடைய பழைய போர்வையை மடித்துப் போட்டிருந்தோம். நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நாய்க்குட்டி விற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, அவர் கொடுத்த மோரையும் குடித்து முடித்த பிறகு, "இப்ப உங்களுக்குக் குட்டி தர முடியாதும்மா, அடுத்த ஈத்துக்கு வாங்க" என்றார். வெறுங்கூடையோடு கும்பகோணம் திரும்பினோம். வலங்கைமான் வரும் வரை காரில் யாரும் வாய் திறக்கவில்லை. மகன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. காசு கொடுத்து வாங்கப் போன இடத்தில், ஏதோ பெண் கேட்டுப் போய்த் தட்டிக் கழிக்கப்பட்ட மாதிரி இருந்தது.

அவர் கேட்ட கேள்விகள் அப்படி. சொந்த வீடா வாடகையா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பையனுக்கு என்ன வயசு? தீபாவளி, பொங்கல் என்று ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பது? மாமியாருக்கு நாய் பிடிக்குமா? கட்டிப் போட்டு வளர்ப்பீர்களா, அவிழ்த்து விடுவீர்களா? இத்தனைக்கும் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் டப்பில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வரச் சொன்னார். திண்ணையோடு நிறுத்திவிட்டார். எனக்குச் சுருக்கென்றிருந்தது. உள்ளே குட்டிகள் கத்தும் சத்தம் கேட்கிறது, மகன் எட்டி எட்டிப் பார்க்கிறான், அவர் அசையவில்லை. "இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா?" என்றார். வளர்த்தோம், ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு குட்டி பார்வோ என்கிற தொற்றுநோய் வந்து செத்துப்போச்சு என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க போட்டு வச்சிருந்தீங்க? சிமெண்டுத் தரையா, மண்ணா?" கொல்லைப்புறம், மண் தரை என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தக் கோபம் எனக்கு லேசில் ஆறவில்லை. ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசிக்க யோசிக்க, அது அந்த அம்மா மேல் வந்த கோபமே இல்லை என்று புரிந்தது. அதைச் சொல்ல முதல் குட்டியிடம் போக வேண்டும்.

பைபாஸில் வந்த குட்டி

ஐப்பசி மாதம். மகனுக்குப் பிறந்தநாள் நெருங்கிவிட்டது. லாப்ரடார்தான் வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். தெரிந்தவர் ஒருவர் போன் நம்பர் கொடுத்தார். பேசினேன். பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் ஆறு வீடியோ வந்தது. வெள்ளை டைல்ஸில் குண்டு குண்டாகக் குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. "அம்பது நாள் குட்டிக்கா, ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து குடுத்தாச்சு, அப்படியே தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். நேரில் வந்து பார்க்கிறோம் என்றேன். "வீட்டுல வெள்ளையடிக்கிற வேலை நடக்குதுக்கா. நீங்க எதுக்கு அலையணும், நானே தஞ்சாவூர் பைபாஸ்ல கொண்டாந்து குடுத்துடறேன்." அலைச்சல் மிச்சம் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தாயைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஜிபேயில் பார்த்துக்கொண்டிருப்பார். ஏழாயிரம் ரூபாய்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பைக்கின் முன்னால் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி, மேலே நாலு ஓட்டை. திறந்தால் ஈர வாடை. குட்டி என் உள்ளங்கையில் சரிந்து உட்கார்ந்தது. உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பந்து மாதிரி. "நல்லாச் சாப்பிடுது பாருங்க" என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். குட்டிக்கு அப்படி வயிறு உப்பி, விலா தெரிந்தால் குடலில் நாக்குப்பூச்சி அடைந்திருக்கலாம் என்பது அப்போது தெரியாது. தாயிடமிருந்தே அது குட்டிக்கு வந்துவிடும். அதனால்தான் பிறந்து இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்தை ஆரம்பித்து, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. மகன் மணி என்று பேர் வைத்தான். திங்கட்கிழமை காலையில் பால் சாதத்தை முகர்ந்துவிட்டுத் தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது. மத்தியானம் நுரை நுரையாக வாந்தி. ராத்திரி போன வெளிக்கியில் ரத்தம் இருந்தது. அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினவர்களுக்கு மறக்காது.

பல்

கால்நடை மருத்துவர் பரிசோதனை செய்து பார்வோ என்று சொல்லிவிட்டார். டிரிப்ஸ் போட நரம்பு கிடைக்காமல் முன்னங்காலில் மூன்று இடத்தில் மயிரை மழித்தார். மகன் வெளியே பெஞ்சில் இருந்தான். "எத்தனை நாள் குட்டி?" என்றார். அம்பத்திரண்டு நாள் இருக்கும் சார் என்றேன். அவர் பதில் சொல்லாமல் குட்டியின் வாயைக் கட்டைவிரலால் விலக்கி, டார்ச் அடித்து, "இங்க பாருங்கம்மா" என்றார். முன்னால் அரிசிக் குருணை மாதிரி நாலைந்து பல். கோரைப்பல் ஊசிமுனையாக எட்டிப் பார்த்தது. கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு, ரோஸ் நிறத்தில் மழமழவென்று இருந்தது. "அம்பது நாள்னா இங்க பல்லு வந்திருக்கணும். இது முப்பது நாள், மிஞ்சிப்போனா முப்பத்தஞ்சு. எடை ரெண்டு கிலோகூட இல்ல. தாய்கிட்ட இருக்க வேண்டியது."

அந்த வெறும் ஈறைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது நினைவு வந்தது அப்பாவைத்தான். எங்கள் வீட்டில் உழவுக்கு உம்பளாச்சேரி மாடு இருந்த காலத்தில், மாடு பிடிக்கப் போகும்போது சின்னப் பிள்ளையாக நானும் போயிருக்கிறேன். தரகர் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் அப்பா முதலில் செய்கிற காரியம், மாட்டின் மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்கிக் கீழுதட்டை விலக்கிப் பார்ப்பது. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று அங்கே தெரிந்துவிடும். தரகர் சொல்லும் வயசை அவர் காதில் வாங்கவே மாட்டார். அந்த மனிதருடைய மகள், மழையில் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து, கண் அழகாயிருக்கிறது என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்பா பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

தடுப்பூசி அட்டையை மருத்துவர் வாங்கிப் பார்த்தார். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிறுக்கல், பதிவு எண் இல்லை, முத்திரை இல்லை. "இந்த ஊசி எங்க இருந்துச்சு, பிரிட்ஜ்ல இருந்துச்சா வெளியில கிடந்துச்சான்னே தெரியாதும்மா. அப்படியே போட்டிருந்தாலும் இவ்வளவு சின்னதுக்குப் போட்டா நிக்காது" என்றார். சீம்பாலில் தாய் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும் வரை, தடுப்பூசி மருந்தை அதுவே அழித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் வரைக்கும் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாச்சு என்றால் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். வந்த இரண்டாம் நாளே படுத்துவிட்டதால், நோய் எங்கள் வீட்டில் ஒட்டியதில்லை, வரும்போதே உடம்பில் இருந்திருக்கிறது என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை விடியற்காலை மணி போய்விட்டது. விற்றவருக்குப் போன் செய்தேன். பணத்தைக் கேட்கவில்லை. அந்த ஈத்தில் மற்ற குட்டிகளை வாங்கியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் பிழைக்கலாம் என்று சொல்லத்தான். "அதெல்லாம் யார் யாருன்னு இல்லக்கா. கவலைப்படாதீங்க, வேற குட்டி தர்றேன், ரெண்டாயிரம் குறைச்சுக் குடுங்க" என்றார். வேறு குட்டி என்ற அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. ஏழெட்டுக் குட்டிகள் எந்தெந்த வீட்டுக்குப் போயின என்று அவருக்குத் தெரியாது. அவற்றின் தாய் எங்கே எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. வெள்ளை டைல்ஸ் வீடியோவில் தாய் ஒரு தடவைகூட வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

தாயைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

டீச்சர் மறுத்து அனுப்பிய இரண்டு மாதம் கழித்து நானே அவருக்குப் போன் செய்தேன். கோபமாக எழுந்து வந்ததற்கு வருத்தம் சொன்னேன். "அதனால என்ன. இப்ப குட்டியெல்லாம் போயிடுச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து தாயைப் பாத்துட்டுப் போங்க" என்றார். இந்தத் தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தைந்து வயசு, வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறிவிட்டார்.

தாய் நாய் எங்களைப் பார்த்ததும் இரண்டு தடவை குரைத்தது, டீச்சர் பேர் சொன்னதும் வந்து அப்பாவின் வேட்டியை முகர்ந்தது, அவர் காலடியிலேயே படுத்துவிட்டது. மடி இன்னும் முழுசாகச் சுருங்கவில்லை. இடுப்புப் பக்கம் மயிர் கொட்டித் திட்டுத் திட்டாக இருந்தது. "பாலூட்டி முடிச்சா இப்படித்தான் மயிர் விடும், திரும்ப வந்துடும்" என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். அப்பா அதன் நடையைப் பார்த்தார், அது சாப்பிடும்போது பின்னாலேயே போய் நின்று பார்த்தார். "கன்னுக்குட்டி வாங்கப் போனா தாயோட மடியைப் பாக்காம வருவமா? நம்ம உம்பளாச்சேரிக் கன்னு பொறக்கறப்ப செவப்பு, ஆறு மாசத்துல சாம்பலாயிடும். கன்னைப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கிறது" என்றார். டீச்சர் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

குட்டி போடுவதற்கென்று ஓர் அறை. மரப்பெட்டி ஒன்று, அதன் நாலு சுவர்களிலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ரீப்பர் கட்டை அடித்து நீட்டியிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். தாய் சுவரோரம் சாய்ந்து படுக்கும்போது பின்னால் மாட்டிக்கொள்ளும் குட்டி நசுங்காமல் இருக்க அந்த இடைவெளி. அவருடைய முதல் ஈத்தில் ஒரு குட்டி அப்படி நசுங்கிச் செத்ததாம், அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு அடித்தது என்றார். அலமாரியில் காய்கறி நிறுக்கும் தராசு. பக்கத்தில் நீளமான கணக்கு நோட்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கழுத்தில் கட்டிய ஊல் நூல் நிறத்தை வைத்து ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம். பிறந்த நேரம், தினசரி எடை, கண் திறந்த நாள், பூச்சி மருந்து கொடுத்த தேதி, ஊசித் தேதி. கடைசி வரியில் வாங்கியவர் பேர், ஊர், நம்பர். அதற்குக் கீழே வேறு வேறு மையில் குறிப்புகள். "மார்கழி: 19 கிலோ." "காது சீழ், சரியாயிற்று." "பட்டுக்கோட்டைக்கு வீடு மாறிட்டாங்க." போன வருஷத்துப் பக்கம் ஒன்றில் "உண்ணிக் காய்ச்சல், இறந்தது" என்று இருந்தது. அதை அடிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் என் கோபம் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்தது. இவர் என்னைக் கேள்வி கேட்டபோது, இதில் ஒரு கேள்வியைக்கூட நான் அந்த பைபாஸ்காரரிடம் கேட்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி குத்தியிருக்கிறது. அலையாமல், காத்திருக்காமல், பிறந்தநாளுக்கு முன்னால் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவசரப்பட்டவள் நான். என்னைப் போன்றவர்கள் இருப்பதால்தான் முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்குகிறார்கள். சின்னதாக இருந்தால்தானே அழகு, சின்னதாக இருந்தால்தானே தீனிச் செலவு குறைவு.

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்து, எட்டு வயசுக்கு மேல் கூடவே கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். டீச்சர் அந்தப் பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். பதிவு எண் என்ன என்று போனிலேயே கேட்கலாம், தப்பில்லை. கேட்டவுடன் பேச்சை மாற்றுபவரோடு அதற்கு மேல் பேச வேண்டாம் என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கேசிஐ பேப்பர், அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிச் சான்றிதழ் பற்றியும் கேட்பார்கள். அதைக் காட்டியே ஐந்தாயிரம் கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. அந்தப் பேப்பர் தாத்தா பாட்டி யார் என்று சொல்லும், இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுப் பிரச்சினை பரம்பரையாக வரும். டீச்சர் தாய்க்கு இரண்டு வயசு முடிந்த பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பந்து கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஆண் நாய் வேறு ஊர்க்காரருடையது, அதன் எக்ஸ்ரே நகலும் வாங்கி வைத்திருந்தார். "மேட்டிங்குக்கு முன்னாடி இதைக் குடுக்க மாட்டேன்னு சொன்ன ஒருத்தரை வேண்டாம்னுட்டேன்" என்றார்.

நம் ஊர் நாயாக இருந்தால் இந்தக் கவலை இல்லையே என்று சிலர் சொல்வார்கள். நாட்டு நாய்க்குட்டியைத் தெருவிலிருந்து எடுத்து வளர்ப்பவர்கள் மேல் எனக்கு ரொம்ப மரியாதை. அது தனி விஷயம். ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று காசு கொடுத்து வாங்கும்போது இதே கேள்விகள் அத்தனையும் உண்டு. 2005-ல் அஞ்சல் துறை நாலு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. அவ்வளவு பேர் போன இனம். அதன் பால் வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்தே வரும். பொறுப்பானவர் குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பார்த்து, காது கேட்காத குட்டியை அப்படிச் சொல்லியே கொடுப்பார், அதை வைத்துக் குட்டி எடுக்க மாட்டார். இனம் நம் ஊருடையது என்பதால் விற்பவரும் நல்லவராகிவிட மாட்டார்.

டெல்டாவில் இன்னொன்று உண்டு. வயலும் வாய்க்காலும் எலியும் உள்ள பூமி. தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்கும் சேர்த்துத்தான் ஊசி போட வேண்டும் என்று டீச்சர் அழுத்திச் சொன்னார். பார்வோ கிருமி மண்ணில் மாசக்கணக்கில், ஒரு வருஷம்கூடக் கிடக்கும், பினாயில் ஊற்றினால் சாகாது என்றும் அன்றைக்குத்தான் விளக்கினார். தரையை பிளீச்சிங் போட்டுக் கழுவலாம், கொல்லை மண்ணை என்ன செய்வது? "உங்களுக்குக் குடுத்திருந்தா அதையும் நீங்க புதைச்சிருப்பீங்க. அந்தப் பையன் ரெண்டாவது தடவை தாங்குவானா?" என்றார். அன்று திண்ணையில் இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னேன்மா, நீங்க எழுந்து போயிட்டீங்க" என்றார். உண்மைதான்.

அடுத்த பருவத்தை அவர் விட்டுவிட்டார், தாய்க்கு ஓய்வு. மறு சித்திரையில் போன் வந்தது. ஏழு குட்டி. ஆறாவது வாரம் போய்ப் பார்த்தோம். அப்போதும் தூக்கிக்கொண்டு வர விடவில்லை. குட்டிகள் ஒன்றை ஒன்று கடித்து உருண்டுகொண்டிருந்தன. ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது வீலென்று கத்தும், கடித்தது விட்டுவிடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று இப்போதுதான் படிக்கின்றன, இந்த ரெண்டு வாரத்தைத் திருடிவிட்டால் பின்னால் வீட்டுக்காரர்களைக் கடித்துப் படிக்கும் என்றார். மகனுக்குச் சிவப்பு நூல் பிடித்திருந்தது, அதுதான் ஓடி வந்து மேலே ஏறியது. டீச்சர் தலையை ஆட்டினார். "அது துறுதுறுன்னு இருக்கும், தோப்பு உள்ள வீட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். உனக்குப் பச்சை நூல்தான்டா சரி." பச்சை நூல் மூலையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகனுக்கு முகம் சுருங்கியது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அது அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டாம் நாள் கூடையோடு போனோம். இருபதாயிரம் ரூபாய். ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வளர்க்க முடியாத நிலை வந்தால் யாருக்கும் கொடுக்கவோ தெருவில் விடவோ கூடாது, எத்தனை வயசானாலும் அவரிடமே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அதில் முதல் வரி. டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அட்டை, அது இதுவரை தின்ற தீனியில் ஒரு கிலோ, தாய் படுத்திருந்த சாக்கிலிருந்து கிழித்த ஒரு துண்டு. தாய் கேட் வரைக்கும் வந்து கூடையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, திரும்பி வீட்டுக்குள் போனது.

பின் சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு, துண்டின் மேல் குட்டி. வலங்கைமான் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். கட்டைவிரலால் அதன் உதட்டை மெதுவாக விலக்கிக் கடைவாய் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் வந்திருக்கு" என்றார்.